விரல் வேகம் மட்டும் போதுமா? டர்பனிலிருந்து கிட்டார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் மாலை நேரங்களில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், ஓய்வு பெற்ற பிறகு கிட்டாரைத் தூக்கும் அங்கிள்கள் என்று யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பதில்களில் பாதி என் சொந்தக் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

ஃபீல், ஃபீல் என்கிறீர்களே, அது என்ன?

கணக்கில் தொடங்கலாம். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் போகிறது என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லி விநாடி. அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 125. அந்த இடத்தில் ஒரு சுரம் 20 மில்லி விநாடி முந்தி விழுந்தாலும் பிந்தி விழுந்தாலும் யாரும் தாளம் தப்பிவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் உடம்புக்குத் தெரியும். கொஞ்சம் முந்தினால் பாட்டு பரபரக்கும். கொஞ்சம் பிந்தினால் சாவகாசமாக நடக்கும். எப்போது முந்துவது, எப்போது பிந்துவது, எதை அப்படியே நேராக விடுவது என்று கைக்குத் தெரிந்திருந்தால் அதில் பாதி ஃபீல் வந்துவிட்டது.

மீதிப் பாதி அடியின் அழுத்தத்திலும், ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்க விடுகிறோம் என்பதிலும் இருக்கிறது. பலரும் சுரத்தை எப்போது தொடங்குவது என்று மட்டும் யோசிப்பார்கள். எப்போது நிறுத்துவது என்று யோசிப்பவர்கள் குறைவு. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடம் வாசித்த ஜிம்மி நோலன் இடது கை விரல்களைத் தந்தி மேல் லேசாக வைத்து, அடித்த மறுகணமே அமுக்கிவிடுவார். கோழி கிளறுவதைப் போல ஒரு சத்தம் வரும். ஆட்டம் போட வைக்கும் இசையில் கிட்டார் வாசிப்பவர்களில் அவரிடம் கடன்படாதவர் குறைவு. பெயர் தெரிந்தவர்களோ இன்னும் குறைவு.

அப்போ டெக்னிக் வேண்டாமா? ஸ்கேல் பயிற்சியை விட்டுவிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பையன் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரியும். இல்லை தம்பி, விட முடியாது.

ஃபீல் இருக்கிறது, டெக்னிக் இல்லை என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சத்தத்தை வேண்டிய அளவுக்குக் குறைத்து வாசிப்பது டெக்னிக். தந்தியை வளைத்து, நினைத்த சுருதியில் கொண்டுபோய் நிறுத்துவதும் டெக்னிக். மெதுவான பாட்டை ஓடாமல் பிடித்து வைப்பது எல்லாவற்றிலும் கடினமான டெக்னிக். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-ல் வண்டி தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல் சரியாக மடக்க முடியாமல் போனது. அவருடைய தனி ஆவர்த்தனங்கள் பெரும்பாலும் மீதி இரண்டு விரலில் வாசித்தவை. பயிற்சியை விட்டுவிட்டா அங்கே போய்ச் சேர்ந்தார்? நாலு விரலும் இருப்பவர் தினமும் செய்வதைவிட அதிகமாகத்தான் உழைத்தார்.

நான் எதிர்ப்பது ஒன்றைத்தான். வேகத்தை மட்டும் அளவுகோலாக வைப்பது. அளக்கச் சுலபமாக இருப்பதால் எல்லோரும் அதையே அளக்கிறார்கள். 16 வயதுப் பையன் நிமிடத்துக்கு 200 தட்டில் வாசிக்கிறான் என்றால் அது ஃபோன் திரையில் தெரிகிறது. பின்னால் ஒரு ரிதம் கிட்டார் பாட்டு முழுக்க ஒரு இழைகூடத் தளராமல் நிற்பது திரையில் தெரியாது. ஏசி/டிசி குழுவில் பள்ளிச் சீருடை போட்டுக் குதிக்கும் அங்கஸ் யங்கை உலகத்துக்கே தெரியும். பின்னால் நின்று அந்தக் குழுவையே நகர்த்தியவர் அவருடைய அண்ணன் மால்கம் யங். 2017-ல் இறந்தார். அந்தப் பாட்டுகளில் மால்கமை மட்டும் கவனித்து ஒரு தடவை கேளுங்கள். அப்புறம் தம்பியைக் கேட்கும் விதமே மாறிவிடும்.

நம் ஊரிலேயே கேட்க வேண்டியவர்கள் யார்?

கேள்விப்படாத பெயர்களாக நிறையச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மடாலா குனேனே. 1951-ல் கேட்டோ மேனரில், ஜூலு மக்கள் ம்கும்பானே என்று சொல்லும் இடத்தில் பிறந்தவர். நம்மவர்களுக்குக் கேட்டோ மேனரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் காய்கறித் தோட்டம் போட்ட இடம், கோயில் கட்டிய இடம், 1949 கலவரத்தில் அடிபட்டு ஓடிய இடம். பிறகு இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம் வந்தது. ஆப்பிரிக்கர்களைக் க்வாமாஷுவுக்கும் உம்லாஸிக்கும் தூக்கிப் போட்டார்கள். நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஒரே மேட்டில் இருந்த இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். மடாலா குனேனேயின் வாசிப்பு அவசரமே படாது. ஒரு சின்னச் சுழலை எடுத்து அதையே சுற்றிச் சுற்றி வருவார். ஐந்தாவது சுற்றில்தான் முதல் சுற்றிலிருந்து ஏதோ மாறியிருப்பது நமக்கு உறைக்கும். ராக ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு இது புரியாமல் போகாது.

அடுத்து ஷியானி ங்கோபோ. உம்ஜிண்டோக்காரர். கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ அந்தப் பக்கம்தானே இருந்தன? எண்ணெய் டின்னில் செய்த இகோகோகோ என்ற கிட்டாரில் வாசிக்கப் பழகியவர். பின்னால் க்வாஜூலு-நடால் பல்கலைக்கழகத்தில் மஸ்கண்டி என்ற ஜூலு கிட்டார் இசையைச் சொல்லிக்கொடுத்தார். 2011-ல் இறந்தபோது வெளிநாட்டு உலக இசை ரசிகர்களுக்குத் தெரிந்த அளவுக்குக்கூட டர்பன் இந்தியர்களுக்கு அவரைத் தெரியாது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஜாஸ் பிடிக்கும் என்றால் ஆலன் க்வேலா (1939-2003). டர்பன் பக்கம் கேட்டு வளர்ந்ததை மறக்காமல் ஜாஸ் வாசித்தவர். 'தி புரோக்கன் ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் ஆலன் க்வேலா' என்று 1998-ல் ஒரு ஆல்பம் வந்தது. அதில் தொடங்குங்கள்.

ஸ்டீவ் ஃபட்டாரும் நம் ஊர்க்காரர்தான். 1960-களில் ஃபட்டார் சகோதரர்கள் டர்பனில் நடத்திய குழு தி ஃபிளேம்ஸ். அவர்கள் 1968-ல் பாடிய 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' எந்தக் கல்யாண வீட்டில் ஒலிக்கவில்லை? உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு கதை வைத்திருப்பார்கள். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் கார்ல் வில்சன் அவர்களை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார். குழுவில் இருந்த ரிக்கி ஃபட்டாரும் பிளாண்டி சாப்ளினும் 1972-ல் பீச் பாய்ஸிலேயே சேர்ந்தார்கள். ஸ்டீவ் டர்பனுக்குத் திரும்பி, 2020-ல் இறக்கும்வரை இங்கே வாசித்துக்கொண்டிருந்தார். உலகப் புகழ் பெற்ற தம்பியைவிட ஊரில் தங்கிய அண்ணனைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். இது முழுக்க ஊர்ப் பாசம், மறைக்கவில்லை.

டர்பனைத் தாண்டினால் மார்க்ஸ் மங்க்வானே, பிலிப் தபானே, ரே பிரி, சிபோ ம்சுனு.

ம்சுனு ஜுலுகா குழுவின் மறுபாதி. எல்லோருக்கும் ஜானி கிளெக்கைத் தெரியும். ஜோஹன்னஸ்பர்க்கில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டு கிளெக்குடன் சேர்ந்து வாசித்தவர் ம்சுனு. 1985-ல் குழுவை விட்டுவிட்டு ஊருக்கு விவசாயத்துக்குப் போய்விட்டார்.

தபானேவை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால், அவர் மாதிரி வாசிக்க இன்னொருவர் கிடையாது. பிரிட்டோரியா பக்கத்து மமெலோடிக்காரர். வெண்டா மக்கள் நோய் தீர்க்கும் சடங்குகளில் அடிக்கும் மலோம்போ மேளத்தோடு எலெக்ட்ரிக் கிட்டாரைச் சேர்த்தவர். 1964-ல் சொவெட்டோவின் ஆர்லாண்டோ ஸ்டேடியத்தில் நடந்த ஜாஸ் விழாவில் அவருடைய மூவர் குழு முதல் பரிசு வாங்கியது. சுரம், சுரம் இல்லாத கீறல், மௌனம், ஒரு முனகல் என்று போகும். உடுக்கை அடித்து அருள் வரும் இடத்தில் நின்றவர்களுக்கு இது புது அனுபவமாக இருக்காது.

இவ்வளவு நல்ல கலைஞர்கள் என்றால் ஏன் பெயர் தெரியவில்லை?

முதல் காரணம், இசைத்தட்டில் பெயரே இருக்காது. 1964-ல் காலோ கம்பெனியின் மவுதேலா பிரிவில் மகோனா சோக்லே பேண்ட் என்ற ஸ்டுடியோக் குழு அமைந்தது. முன்னணி கிட்டார் மார்க்ஸ் மங்க்வானே, பேஸ் ஜோசப் மக்வேலா. ம்பகாங்கா என்று நாம் இன்று சொல்லும் ஒலியில் பெரும்பகுதி இவர்கள் கையில் உருவானது. மகோட்டெல்லா குவீன்ஸ் என்ற பெண்கள் பாடும் குழுவுக்கு வாசித்தவர்களும் இவர்களே. ஆனால் கம்பெனி ஒரே ஆட்களின் பதிவுகளை வெவ்வேறு குழுப் பெயர்களில் வெளியிட்டது. வாங்கியவருக்கு யார் வாசித்தது என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது காரணம் ரேடியோ. அரசு வானொலி மொழிவாரியாக, இனவாரியாகப் பிரிந்து கிடந்தது. ஜூலு வானொலியில் வந்தது நம் வீட்டுக்கு வராது. நமக்கென்று ரேடியோ லோட்டஸ் 1983-ல் வந்தபோது அதில் வந்ததெல்லாம் மெட்ராஸும் பம்பாயும்தான். அதில் குற்றம் சொல்ல முடியாது, அதற்காகத்தானே ஏங்கிக் கிடந்தோம். ஆனால் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தவரின் கிட்டாரைக் கேட்காமலே ஒரு தலைமுறை போய்விட்டது.

மூன்றாவது, ரிதம் வாசிப்பவர்களுக்கு எந்த நாட்டிலும் பெயர் வராது. இதற்கு நிறவெறியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரே பிரி 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்தில் வாசித்தவர்தானே? அவரை எப்படிக் குறைத்து மதிப்பிட்டதாகச் சொல்வது?

அவரைக் கூலிக்கு வாசித்தவர் போல நினைக்கிறார்கள், அதனால். 1986-ல் அந்த ஆல்பம் வரும் முன்பே ஸ்டிமெலா குழுவின் தலைவராக இங்கே அவர் பெரிய பெயர். அந்த ஆல்பத்தைப் பாடிய அமெரிக்கர் பால் சைமன் 1985-ல் ஜோஹன்னஸ்பர்க் வந்து பதிவு செய்தபோது, தலைப்புப் பாட்டில் ரே பிரி ஒரு மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை) சேர்த்தார். தென்னாப்பிரிக்கப் பாட்டில் அந்த இடத்தில் அது அபூர்வம். ஏன் என்று சைமன் கேட்டதற்கு, நீங்கள் எழுதும் விதத்தைப் பார்த்துத்தான் அப்படி வாசித்தேன் என்றாராம். எதிரில் இருப்பவர் பாட்டைக் கேட்டு, அவர் வாயைத் திறக்கும் முன்பே அவருக்கு வேண்டியதைக் கொடுத்திருக்கிறார். ஃபீல் என்றால் என்ன என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு என்னிடம் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மஸ்கண்டியை என் சாதாரண கிட்டாரில் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். மேல் சுருதித் தந்தியை, அதாவது ஒல்லியான ஈ தந்தியை, ஒரு முழுச் சுரம் இறக்கி டீ-க்குக் கொண்டுவாருங்கள். மற்ற ஐந்தும் அப்படியே இருக்கட்டும். கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் ஒரு வரியும், ஆள்காட்டி விரல் மேல் தந்திகளில் இன்னொரு வரியும் வாசிக்க வேண்டும். அந்த இரண்டு வரிகளும் பேசிக்கொள்ளும். வெறுமனே கார்டு அடித்துக்கொண்டிருந்த பாணியிலிருந்து இப்படி விரலால் பிரித்து மீட்டும் பாணிக்குக் கொண்டுவந்த பெருமையை ஃபுசுஷுகேலா என்ற பெயரில் பாடிய ஜான் பெங்குவுக்குக் கொடுப்பார்கள். பாட்டு தொடங்கும் முன் இசிஹ்லாபோ என்று ஒரு சின்ன ஓட்டம் வாசிப்பார்கள். சுருதி சரியா என்று பார்ப்பது போலவும் இருக்கும், நான் யார் தெரியுமா என்று கேட்பது போலவும் இருக்கும்.

விரல் பழகச் சில மாதம் ஆகும். அதைவிடக் கஷ்டம், கிட்டார் சுழல் தொடங்கும் இடமும் பாட்டு வரி தொடங்கும் இடமும் ஒன்றாக இருக்காது என்பது. 'எடுப்பு' (பாட்டு தொடங்கும் இடம்) தள்ளி வரும் கீர்த்தனை பாடிப் பழகிய பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.

என் மகள் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். கிட்டார் அதைக் கெடுத்துவிடுமா?

ஆன்ட்டி, கெடுக்காது. கிட்டாரில் கட்டைகள் (ஃப்ரெட்) இருப்பதால் சுருதி படி படியாக நிற்கும், கமகம் வராது என்று பயப்படுகிறீர்கள். தந்தியை இழுத்தும் சறுக்கியும் கமகம் கொண்டுவரலாம். மாண்டலின் சீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் அதைச் செய்து காட்டினார், ஆர். பிரசன்னா கிட்டாரில் செய்கிறார். ப்ளூஸ் வாசிப்பவர்கள் தந்தியை வளைப்பதும் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள சுருதியைத் தேடித்தான்.

உங்கள் மகள் ஏற்கெனவே தாளம் போட்டுக்கொண்டு பாடுகிறாள். என்னிடம் வரும் மற்றப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே ஒரு வருடம் போகிறது.

தமிழ்ப் படப் பாட்டில் யாரைக் கேட்பது?

'இளைய நிலா' பொழிவதைக் கேளுங்கள், வேறென்ன. 1982-ல் வந்த பாட்டு. தமிழ் பேச மறந்துபோன டர்பன் வீடுகளிலும் அந்தக் கிட்டாரை முணுமுணுப்பார்கள். அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். பாடகர், இசையமைப்பாளர், கவிஞர், கதாநாயகன் எல்லார் பெயரும் சொல்லத் தெரிந்தவர்களிடம் கிட்டார் யார் என்று கேட்டால் முழிக்கிறார்கள். விரல் ஓட்டம் சுத்தமானது, சரி. அதைவிட, எஸ்.பி.பி. பாடும்போது அந்தக் கிட்டார் எப்படி ஒதுங்கி வழிவிடுகிறது என்று கவனியுங்கள்.

மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) ஃபீலைக் கெடுக்கும் என்கிறார்களே?

அதற்கு அடிமையானால் கெடுக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் டிக் டிக் என்று வைத்தால் தாளத்தை அது சுமக்கிறது, நீங்கள் சுமப்பதில்லை. இரண்டாவது, நாலாவது தட்டில் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். அது பழகியதும் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தட்டு. நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நீங்கள்தான் பிடித்துவைக்க வேண்டும். முதல் வாரம் கோபம் வரும்.

இன்னொன்று. ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். அதில் 100 மில்லி விநாடிக்கு மேலும் தாமதம் வரலாம். மேலே 20 மில்லி விநாடியைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு இதை விட்டுவிட முடியுமா? ஒயர் வைத்த பழைய ஹெட்ஃபோன் போதும். மேடையிலும் இதே கணக்குதான்: ஒலி 20 மில்லி விநாடியில் போகும் தூரம் கிட்டத்தட்ட 7 மீட்டர். கல்யாண மண்டபத்தில் டிரம்மரை ஒரு மூலையிலும் கிட்டாரை மறு மூலையிலும் நிறுத்திவிட்டுக் குழு சேரவில்லை என்று திட்டுவதில் நியாயமில்லை.

ஃபீலைப் பயிற்சி செய்ய முடியுமா, அல்லது பிறவியிலேயே வர வேண்டுமா?

பயிற்சி செய்யலாம். நான் கொடுக்கும் பயிற்சி பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஒரே ஒரு கார்டு, ஒரே தாளம், ஐந்து நிமிடம். அதை ஃபோனில் பதிவு செய்து மறுநாள் கேட்க வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் வேகம் கூடியிருக்கும், எப்போதும் கூடும். அப்புறம் ஒரு பாட்டின் கிட்டார் பகுதியை வாசிக்கும் முன் வாயால் பாட வேண்டும். மூச்சு எங்கே விடுகிறோமோ அங்கே கையும் நிற்கும். மூச்சே விடாமல் வாசிப்பவர்களைக் கேட்டால் எனக்கே மூச்சு முட்டுகிறது.

மின்வெட்டு அடிக்கடி வந்த வருடங்களில், மின்சாரம் போன இரவுகளில் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் இருட்டில் வாசித்தவர்கள் யாருமே மோசமாகப் போகவில்லை. மின்வெட்டைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல முடியும் என்றால் அது இதுதான்.

நல்ல கிட்டார் வாங்கினால் ஒலி நன்றாக வருமா?

ஓரளவு. ஜான் லென்னன் 1957 ஜூலை 6 அன்று பால் மெக்கார்ட்னியை முதன்முதலில் சந்தித்தபோது வாசித்துக்கொண்டிருந்தது தென்னாப்பிரிக்காவில் செய்த காலோடோன் சாம்பியன் என்ற மலிவு கிட்டார். அதனால் கையில் இருப்பதில் தொடங்குங்கள். டர்பன் கடற்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள். பணம் இருந்தால் முதலில் புதுத் தந்திக்குச் செலவு செய்யுங்கள்.

அளவுக்கு மீறிப் புகழப்படுபவர் யார்?

சொல்ல மாட்டேன். மாணவர்களில் பாதிப்பேர் அவருடைய டி-ஷர்ட் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறார்கள்.

கிரேடு பரீட்சை எழுத வேண்டுமா?

யுனிசா பல்கலைக்கழகப் பரீட்சையோ வேறு எதுவோ, எழுதட்டும், நல்லதுதான். ஒழுங்கு வரும், நோட்டேஷன் படிக்க வரும். ஆனால் பரீட்சைக்கு மூன்று பாட்டு என்றால் வருடம் முழுக்க அந்த மூன்றையே வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடவே யாராவது ஒருவரோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். கோயில் பஜனையில் வாசித்தாலும் சரி, பக்கத்து வீட்டுப் பையன் கீபோர்டோடு வாசித்தாலும் சரி.

60 வயதுக்கு மேல் ஆரம்பிக்கலாமா?

அங்கிள், உங்கள் வயதுக்காரர்கள்தான் என் மாணவர்களில் தாளத்தை ஓடவிடாதவர்கள். காது பல வருடமாகக் கேட்டுப் பழகியிருக்கிறது, விரல்தான் பின்னால் வர வேண்டும். கார்டு மாற்றுவது மெதுவாகத்தான் வரும், அதற்கேற்ற மெதுவான பாட்டை எடுத்துக்கொள்வோம். விரல் நுனி முதல் சில வாரம் வலிக்கும். நைலான் தந்தி போட்ட கிட்டார் எடுத்தால் வலி குறையும். மூட்டுவலி மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.